கல்லில் எழுதுமுன்

ஊரின் வரலாற்றோடு தொடர்புடைய இடங்களிலே குறிப்புக் கற்கள் நாட்டப்பெறல் வேண்டும் என்னும் கருத்து எம்மவரிடையே அடிக்கடி பேசப்படுவதொன்று. பாடசாலை விழாக்களிலும், வாசிகசாலைகளின் ஆண்டுக் கூட்டங்களிலும், இலக்கிய வட்டங்களின் மாலைப் பொழுதுகளிலும் இது பேசப்படும், கரகோஷம் எழும், பின்னர் மறக்கப்படும். அக்கருத்தை இவ்வாரம் சிறிது நின்று ஆராய எண்ணுகிறோம். கல் நாட்டவேண்டுமா என்பதன்று எமது வினா. நாட்டவேண்டும் என்பதே எமது துணிபு. அக்கல்லில் எழுதப்படுவது யாது, அதனை எழுதுவோர் யாவர், எழுதுமுன் செய்யத்தக்கது யாது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் ஊரை முன்வைத்துப் பேசுதல் தெளிவு தரும். வடமராட்சியின் பட்டினமாகிய பருத்தித்துறையை எடுத்துக்கொள்வோம். ஒரு முற்பகலில் நடந்து சுற்றிவிடக்கூடிய சிறிய பட்டினம் அது. இத்தீவின் வட அந்தமாகிய சக்கோட்டை முனை அதன் அயலிலே உளது. அதன் வெளிச்சவீடு 1916இல் எழுந்தது. அவ்வூரின் பெயரே ஆராய்வார்க்கு ஒரு நல்ல பாடமாகும். பருத்தி ஏற்றப்பட்ட துறையாதலின் பருத்தித்துறை எனப்பட்டது என்பர். ஆங்கிலத்தில் அதனைப் ‘பொயின்ற் பெட்ரோ’ என்பர். அதைக் கேட்கும் மாணவன், பெட்ரோ என்ற பெயருடைய பறங்கித் தளபதி ஒருவன் அங்கு வந்திறங்கினான் போலும் என்று எண்ணுவான். உண்மையில் அத்தகைய தளபதி எவனும் இலன். போர்த்துக்கேயர் இட்ட பெயர் ‘பொன்ரா தாஸ் பெத்ராஸ்’ என்பது; கற்களின் முனை என்பதே அதன் பொருள். கரையில் நின்றவன் பருத்திப் பொதியைக் கண்டு பெயரிட்டான். கடலில் வந்தவன் பாறையைக் கண்டு பெயரிட்டான். இரண்டும் மெய்யான காட்சிகளே. அவற்றினிடையே, பிறவாத மனிதன் ஒருவன் பெயரொலியின் மயக்கத்தாற் பிறந்துவிட்டான். இங்கு எவரும் பொய்யுரைக்கவில்லை. எவரும் விசாரிக்கவில்லை, அவ்வளவே.

அந்தப் பெட்ரோவுக்கு யாரேனும் நல்லெண்ணத்தோடு ஒரு கல்லும் நாட்டியிருப்பாராயின் நிலைமை யாதாகும்? ஏட்டிலுள்ள பிழையை அடுத்த பதிப்பிலே திருத்தலாம். பத்திரிகையில் நேர்ந்த பிழைக்கு மறுநாளே திருத்தம் வெளியிடலாம். கல்லில் விழுந்த பிழையோ மழையிலும் வெயிலிலும் நின்று, நாட்டியவர் மறைந்தபின்னர் தானே சான்றாகிவிடுகின்றது. ‘கல்லிலேயே எழுதியிருக்கிறதே’ என்று சொல்லும் மனிதனோடு வாதிட்டு வென்றவர் யார்? கல்லின் பெருமையும் அதுவே. அதன் ஆபத்தும் அதுவே.

கல் நடுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறைமையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு படிகளில் வகுத்துரைக்கின்றது. கல்லைத் தேடிக் காண்பது முதற்படி, வாழ்த்துவது இறுதிப்படி. நாமோ இன்று இம்முறையைத் தலைகீழாக்கியிருக்கிறோம். முதலிலே வாழ்த்து, அதன்பின் திறப்பு விழா, அதன்பின் கல், தேடிக் காண்பது மட்டும் எவர்க்கும் நினைவில் வருவதில்லை. பொதுக்கட்டடங்கள் பலவற்றின் வாயிலிலுள்ள கற்களைப் படித்துப் பார்ப்போமாக. திறந்துவைத்தவரின் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில் இருக்கும். அவர் அருகில் நின்றோரின் பெயர்கள் சற்றுச் சிறிய எழுத்தில் இருக்கும். அவ்விடத்தின் வரலாறு ஒரு வரியேனும் இராது. வரலாற்றுக் குறிப்புக் கல்லும் இவ்வழியே செல்லுமாயின் அது நாட்டப்படாமலிருப்பதே நன்று.

எழுத்தின்றியே நினைவைக் காத்த கற்களும் எம்மிடையே உள. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே சுமைதாங்கி நிற்பதைக் கண்டிருக்கிறோம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணொருத்தியின் நினைவாக உறவினர் அதனை நாட்டுவர். தலைச்சுமையோடு வருபவன் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ள அது உதவும். தன் சுமையை இறக்கமுடியாது மறைந்தவள் பெயரால் வழிப்போக்கர் சுமை இறங்கிற்று. கால்நடைகள் உடலை உராய்ந்து தினவு தீர்ப்பதற்கென ஆவுரஞ்சிக் கல் நாட்டினர். அவை நீர் அருந்தக் கேணி வெட்டினர். மனிதர் தங்க மடம் கட்டினர். பருத்தித்துறையிலேயே தெருமூடி மடம் என்றொரு மடம் உளது. நடுவே வீதி செல்ல, இரு மருங்கும் கற்றூண்களோடு கூடிய திண்ணைகள் அமைய, வீதியையும் சேர்த்துக் கூரை மூடி நிற்பதால் அதற்கு அப்பெயர். அவ்வீதியிற் செல்லும் ஒவ்வொருவரும் அம்மடத்தினுள்ளே புகுந்தே செல்லல்வேண்டும். வழிப்போக்கன் மடத்தைத் தேடிச் செல்லாமல், மடமே வழிக்கு வந்து நிற்கும் அத்தகைய அமைப்பைப் பிறிதோரிடத்திற் காண்பது அரிது. முதலாவது குறிப்புக் கல் நாட்டத் தக்க இடம் யாது என எம்மைக் கேட்பின், அரசன் வாழ்ந்த இடத்தைச் சொல்லமாட்டோம், இம்மடத்தையே சொல்வோம்.

மடத்தின் செய்தி எளிது. கண்முன்னே கட்டடம் நிற்கின்றது. கட்டடம் இல்லாதவிடத்து என் செய்வது? பருத்தித்துறைச் சந்தையருகே ஒரு பெரும் புளியமரம் நின்றது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது அவர்களோடு வந்த பிலிப்புஸ் பல்தேயஸ் பாதிரியார் அம்மர நிழலிலே போதனை செய்தார் என்பது ஊர் வழக்கு. மரம் இன்று இல்லை. பல்தேயஸ் இங்கு வாழ்ந்ததும், பின்னர் இலங்கையைப் பற்றி ஒல்லாந்த மொழியில் அவர் எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்ரடாமில் அச்சேறியதும் ஐயத்துக்கு இடமற்றவை. சந்தையருகே நின்ற மரம் அவர் அமர்ந்த அதே மரந்தானா என்பது வேறு வினா. இங்கு கல்வெட்டுபவன் இரண்டு தவறுகளைச் செய்யக்கூடும். வழக்கை வரலாறென எழுதிவிடுதல் ஒன்று. வழக்குத்தானே என்று இகழ்ந்து அதனை விட்டுவிடுதல் மற்றையது. ‘இவ்விடத்தில் நின்ற புளியமரத்தின் கீழ் அவர் போதித்தார் என ஊரவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றனர்’ என எழுதினால் ஒரு சொல்லும் பொய்யாகாது; மரத்தின் நினைவும் மாயாது. ‘என்பர்’ என்ற ஒரு சிறு சொல் தமிழிலுண்டு. உரையாசிரியர்கள் அதனை வெட்கமின்றிக் கையாண்டனர். எமது கற்களிலும் அச்சொல்லுக்கு இடமிருத்தல் வேண்டும்.

இதனிலும் கடினமான இடம் ஒன்று உளது. பட்டினத்துக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவில், மணற்குன்றுகளின் நடுவே, வல்லிபுரம் இருக்கின்றது. ஆழ்வார் கோயிலாற் புகழ் பெற்ற தலம் அது. அங்கே 1936இல் பொற்றகடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்ட அதன் வாசகம் நாகதீவத்தையும், அதனை நிருவகித்தவன் ஒருவனையும், ஒரு விகாரை எடுக்கப்பட்டதையும் கூறுகின்றது. அதனை வாசித்து வெளியிட்ட பேராசிரியர் செனரத் பரணவிதான அதனை வசப மன்னன் காலத்ததெனக் கொண்டார். அதன் மொழி பற்றியும், அதில் வரும் பெயர்கள் பற்றியும், அதிலிருந்து பெறத்தக்க முடிபுகள் பற்றியும் அறிஞரிடையே பின்னர் விவாதம் எழுந்தது. அதற்கு முன்னரே அவ்வூரில் ஒரு புத்தர் சிலையும் கிடைத்திருந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் அதனை 1906இல் சீயம் நாட்டு மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார்.

இவற்றைக் குறிப்புக் கல்லில் எழுதலாமா? எழுதலாகாது என்று மெல்லிய குரலிற் சொல்வோர் எம்மிடையே உளர். அவர்களின் அச்சம் காரணமற்றதெனச் சொல்லமாட்டோம். ஒரு பழம்பொருளைக் காட்டி ஒரு நிலத்துக்கு உரிமை பேசும் காலத்திலே நாம் வாழ்கிறோம். ஒரு பலகை எழுந்தால் அதன்பின் வேலியும் எழுமோ என்று அஞ்சுவது இயல்பே. ஆயினும் மறைத்தல் அதற்கு மருந்தாகாது. நாம் எழுதாமல் விட்ட வெற்றிடம் வெற்றிடமாகவே இராது. பிறர் வந்து தமக்கு வேண்டியவாறு எழுதுவர். அப்பொழுது நாம் கூறும் மறுப்பை, முன்னர் மறைத்தவர்களின் மறுப்பென்றே உலகம் கருதும். மேலும், பௌத்தம் தமிழர்க்கு அந்நியமான சமயம் என்று எமக்குக் கற்பித்தவர் யார்? மணிமேகலையைத் தமிழ்க் காப்பியமென மாணவருக்கு வகுப்பறையிலே கற்பித்துவிட்டு, வெளியே வந்து புத்தர் சிலை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது எவ்வகை நேர்மை? வல்லிபுரத்துக் கல்லில், தகடு கிடைத்ததையும், சிலை கிடைத்ததையும், அது சீயம் சென்றதையும், வாசகத்தின் பொருள் பற்றி அறிஞர் மாறுபடுவதையும், ஆழ்வார் கோயிலின் தொன்மை மரபையும் ஒருங்கே எழுதுவோமாயின் அந்தக் கல்லை எவராலும் அசைத்தல் இயலாது. உண்மை முழுவதும் நிற்கும் இடத்திலே பாதியுண்மைக்குப் புகுவழி இராது.

பிறர் எழுதக்கூடியவற்றுக்கு அஞ்சுவது ஒருபுறமிருக்க, எம்மைப் பற்றி நாமே எழுத அஞ்சும் செய்திகளும் உள. ஊரின் கிணறுகளில் எல்லாரும் நீர் அள்ளியதில்லை. கோயில் வாசல்களில் எல்லாரும் நுழைந்ததில்லை. தேநீர்க்கடை வாங்கில்களில் எல்லாரும் அமர்ந்ததில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே வழிபடும் உரிமைக்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. வடமராட்சியிலேயே, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் சூரன் என்னும் பெருமகன் தேவரையாளியிலே பாடசாலை நிறுவினார். பருத்தித்துறையில் 1838இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் தொடக்கிய பாடசாலை பின்னர் ஹாட்லிக் கல்லூரியாகப் புகழ் பெற்றது. பேர்சிவலுக்குக் கல் நாட்ட முன்வருவோர் பலர் இருப்பர். சூரனுக்கும் அதே அளவான கல், அதே அளவான எழுத்தில், அதே வரிசையில் நாட்டப்படுமா? நாட்டும்போது, அப்பாடசாலை ஏன் வேண்டியிருந்தது என்னும் ஒரு வரியையும் எழுதுவோமா? அல்லது ‘கல்வித் தொண்டர்’ என்று மட்டும் எழுதிவிட்டு, அத்தொண்டைத் தேவையாக்கிய அநீதியை மறைத்துவிடுவோமா? இந்த ஒரு வரியிலேயே எமது நேர்மை அளக்கப்படும்.

கையால் உழைத்தோரையும் கற்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. பருத்தித்துறைக்கு மேற்கேயுள்ள வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். அச்செய்தியை எழுதப் புகுவோர் கப்பலை வாங்கியவர் பெயரை எளிதிற் கண்டுகொள்வர். அதனைக் கட்டிய ஓடாவியரின் பெயர்களைத் தேடுதல் வேண்டும். தேடினால் வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு பெட்டியில் ஒரு கடிதமோ, ஒரு படமோ, ஒரு பாட்டியின் நினைவோ கிடைத்தல் கூடும். தேடாதவர்க்குக் கல் தானாக எதையும் சொல்லாது.

அண்மைக்கால வரலாற்றையும் விட்டுவிடுதல் இயலாது. 1984இல் ஹாட்லிக் கல்லூரியின் நூலகம் தீக்கிரையாயிற்று. 1987இல் வடமராட்சி முழுவதும் போர்க்களமாயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் புகுந்தது. 2009இல் போர் முடிந்தபின்னரும் திரும்பி வராதோர் பலர். இவற்றுக்கெல்லாம் கல் நாட்டுதல் எளிதன்று. சிலவற்றுக்குக் கல் நாட்டுவதே வழக்காகிவிடுகிறது. ஆயினும் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய பாதிரியாரை நினைக்கும் ஊர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்த புத்தகங்களை நினைக்காதெனின், அவ்வூரின் நினைவு நோயுற்றதென்றே பொருள். இன்னாரை வைவதற்காக அன்று. இன்ன நாளில் இன்னது நிகழ்ந்தது என்று நிதானமான சொற்களில் எழுதிவைப்பதற்காகவே கேட்கிறோம். நிதானமான சொல்லே நெடுங்காலம் நிற்கும்.

இனிச் செய்முறை பற்றிச் சில கூறுவோம். இலண்டன் நகரிலே புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளிற் பலகை பதிக்கும் எண்ணம் 1863இல் எழுந்தது; 1867இல் பைரன் பிறந்த வீட்டிலே முதற்பலகை பதிக்கப்பட்டது. பின்னர் அந்த வீடே இடிக்கப்பட்டுவிட்டது. பலகை பதித்தல் காத்தலாகாது என்பது அதிலிருந்து நாம் கற்கும் முதற் பாடம். ஒருவர் இறந்து இருபது ஆண்டுகள் கழியுமுன் அவர் பெயரிற் பலகை வைப்பதில்லை என்னும் விதியையும் அங்கே கைக்கொள்கின்றனர். எமது நாட்டுக்கு மிகவும் வேண்டிய விதி அது. இருபது ஆண்டுக் காத்திருப்பிலே முகத்துதிகள் பல தாமாக உதிர்ந்துவிடும்.

எமது கற்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும் அமைதல் வேண்டும். மூன்றிலும் ஒரே செய்தியே இருத்தல் வேண்டும். தமிழ் படிப்பவனுக்கு ஒரு வரலாறும் சிங்களம் படிப்பவனுக்கு வேறொரு வரலாறும் சொல்லும் பலகை, அருகருகே நிற்கும் இருவரை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்துவிடும். கல் நாட்டியவர் பெயர் கல்லின் முகத்தில் இடம்பெறலாகாது; வேண்டுமாயிற் பின்புறத்திலே சிறிய எழுத்தில் இருக்கலாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் அருகே எதனையும் நாட்டுமுன் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துக்கமைய அனுமதி பெறுதலும் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முன்னர் ஆசிரியரும் மாணவரும் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலிலுள்ள ஓர் இடத்தை, ஒரேயோர் இடத்தை, ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளட்டும். மாணவர் முதியோரிடம் சென்று கேட்கட்டும். உறுதிகளையும் பழைய படங்களையும் பார்க்கட்டும். கேட்டதை வேறாகவும், கண்டதை வேறாகவும், ஊகித்ததை வேறாகவும் மூன்று பத்திகளில் எழுதட்டும். எழுதியதை ஊர் வாசிகசாலையிலே தொங்கவிடட்டும். மூன்று மாத காலம் ஊரவர் படித்து மறுக்கட்டும், திருத்தட்டும், சண்டையிடவுஞ் செய்யட்டும். வெண்கட்டியால் எழுதப்பட்டதைத் துடைத்துத் திருத்துவது எளிது. அச்சண்டையெல்லாம் ஓய்ந்தபின் எஞ்சும் ஐந்தாறு வரிகள் எவையோ அவையே உளிக்குத் தகுதியானவை.

இவ்வழி செல்லின் ஆண்டுக்கு ஒரு கல்லே எழும் என்று சிலர் குறைப்படுவர். எழட்டும். திறப்பு விழாவுக்காக ஒரே நாளில் நாட்டப்படும் இருபது கற்களிலும், ஒரு பாடசாலைப் பிள்ளைகள் ஓராண்டு தேடி நாட்டிய ஒரு கல் மேலானது. அக்கல் பழுதடைந்து சாய்ந்தாலும், அதனைத் தேடிய பிள்ளைகளுள் ஒருவரேனும் தம் முதுமையில் அவ்வழியே செல்லும்போது நின்று, இங்கே இன்னது இருந்தது, இன்னவாறு நாம் அறிந்தோம், இன்னது எமக்குத் தெரியவில்லை என்று தம் பேரப்பிள்ளைக்குச் சொல்லக்கூடும். புதிய பாடசாலையாண்டு தொடங்குமுன் எந்த இடத்தை ஏற்பது என்று வடமராட்சியின் ஆசிரியர்கள் கூடிப் பேசுவாராயின், தெருமூடி மடத்தின் திண்ணையிலே அக்கூட்டத்தை வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அங்கே இடமுண்டு, நிழலுமுண்டு, வழியிற் போவோரும் நின்று தம் கருத்தைச் சொல்லிச் செல்லலாம்.